வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது

அக்காவுக்குச் சம்பந்தம் பேசிய தரகர் பொய் சொல்லவில்லை. அதை அவர் கடைசி வரை சாதித்தார்.

"பொம்பிளை வீட்டிலை ஒரு மோட்டச் சைக்கிள் நிக்குது எண்டுதான் சொன்னனான். ஓடுது எண்டு சொன்னனானோ?" என்று எங்கள் முற்றத்தில் நின்று கேட்டார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. சரவணையில் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நின்றுகொண்டிருந்தது. வாசலில் புறப்படத் தயாராக இருக்கும் வாகனத்தையும் நிற்கிறது என்கிறோம். சில்லு மண்ணில் புதைந்து, இருக்கையை எலி தின்று, கோழி முட்டையிட ஏறுகிற வாகனத்தையும் நிற்கிறது என்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் முதலாவதை நினைத்துக்கொண்டார்கள். தரகர் அவர்களை அப்படியே நினைக்க விட்டுவிட்டார்.

"அப்ப இப்ப என்ன செய்யிறது அண்ணை?" என்று அம்மா கேட்டா.

"வைகாசி முடியிறதுக்குள்ளை பொம்பிளை பாக்க வருவினம். அதுக்கிடையிலை ஓட வையுங்கோ. ஓடினா நான் சொன்னதிலை ஒரு பிழையுமில்லை."

"ஓடாட்டி?"

"ஓடாட்டியும் நான் சொன்னதிலை பிழையில்லை, தங்கச்சி." அவர் குடையை விரித்தார். "ஆனா சம்பந்தம் நிண்டு போம்."

அந்த மோட்டார் சைக்கிள் அம்மாவின் தமையனுடையது. கண்டியில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதை வாங்கி, லொறியில் ஏற்றித் தீவுக்கு அனுப்பினார். ஊருக்கு லீவில் வரும்போது ஓடுவதற்கென்று. இரண்டு லீவுக்கு ஓடினார். மூன்றாவது லீவுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு அம்மா அதைத் தொட ஒருவரையும் விடவில்லை. விற்கவும் விடவில்லை. "அண்ணேன்ரை சாமான்" என்று சொல்லி ஒரு பழைய சாக்குப் படங்கால் மூடி வைத்தா. மாமாவை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய சாமானில் ஏறி அக்காவும் நானும் கொழும்புக்கும் கண்டிக்கும் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறோம், ஓர் அங்குலமும் அசையாமல்.

அக்காவுக்கு அப்போது இருபத்தேழு முடிகிற நேரம். இதற்கு முன் வந்த சம்பந்தங்கள் வீடு கேட்டன, வளவு கேட்டன, எங்களிடம் இல்லாததையெல்லாம் கேட்டன. ஐயா, எங்கள் தகப்பனார், மாட்டு வண்டியில் புகையிலையும் வைக்கோலும் ஏற்றி இறக்குகிறவர். அக்கா எட்டாம் வகுப்போடு நின்று, புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியவள். இந்த மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வேறொன்றும் கேட்கவில்லை. தாய் மனிசி ஒன்றே ஒன்று கேட்டாவாம்: மோட்டார் சைக்கிள்.

சம்பந்தம் நின்றால் நிற்கட்டும் என்று நான் சொல்லியிருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்தபின் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வேலணைச் சங்கக்கடையில் சாமான் நிறுப்பவர். மாதத்துக்கு இரண்டு தரம் அக்கா அங்கே போய் வருவாள். வந்ததும் சீனியைப் போத்தலில் கொட்டிக்கொண்டே ஏதாவது சொல்வாள். ஒருநாள் சொன்னாள்: "தராசிலை ஒரு ஈ இருந்ததடி. அந்தாள் அதைக் கலைச்சுப்போட்டு, தட்டு அசையாமல் நிக்கு மட்டும் பொறுத்துத்தான் நிறுத்தவர். சனம் பின்னாலை நிண்டு கத்துது. 'ஈக்கும் பாரம் இருக்குத்தானே' எண்டிறார்."

"இதைப் போய் ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"சும்மா."

சும்மா என்று சொல்லிவிட்டு அதையே மூன்று நாள் கழித்து மறுபடி சொன்னாள். தரகர் அவருடைய பெயரோடு வந்தபோது, அக்கா குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

ஆகவே அந்தச் சாமான் ஓடத்தான் வேண்டும்.

புதியது வாங்குவது என்ற பேச்சே இல்லை. வாங்க வசதி இருந்தாலும் என்ன பயன். சண்டை காரணமாக அந்த வருடத் தொடக்கத்திலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றிருந்தது. பஸ் ஓடவில்லை. புத்தம் புதிய ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் வைத்திருந்தவர்கள் அவற்றைச் சேலையால் மூடி வைத்துவிட்டு மிதிவண்டியில் திரிந்தார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே கராஜைப் பூட்டிவிட்டு அதன் சொந்தக்காரர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்.

ஐயா படங்கை இழுத்துக் கழற்றினார். கோழி ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. இருக்கைக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியை அவர் நெம்பித் திறந்தபோது, உள்ளே துருப்பிடித்த ஸ்பானர்களும், மெழுகுத் துணியில் சுற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகமும் இருந்தன. புத்தகம் ஒரு பூச்சியும் தொடாமல் இருந்தது. அந்த மோட்டார் சைக்கிளைக் கழற்றவும் பூட்டவும் விளக்குகிற புத்தகம்.

"இங்கிலீசுப் புத்தகம் கிடக்கு. இங்கிலீசு படிச்ச பிள்ளை வீட்டிலை கிடக்கு. பிறகென்ன?" என்றார் ஐயா.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்தி. ஐயாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதைவிட மெதுவாக வேறெதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. நான் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, எடுபட்ட செய்தி வந்த அன்று அவர் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, வேலையில்லாமலே வண்டியைக் கட்டிக்கொண்டு வேலணை வரை போய் வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வதற்காக. இப்போது கம்பஸ் மூடிக்கிடக்க நான் வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் சோதனைத் தாளில் எழுதுகிற ஆங்கிலம். ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஐயா அப்படிச் சொன்னபின், எனக்கு இது விளங்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் புத்தகத்தை வாங்கி, துரையின் மகள் மாதிரி முதற் பக்கத்தைத் திறந்தேன்.

வேலைப் பங்கீடு தானாக அமைந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். அக்கா செய்வாள். ஐயா தூக்கவேண்டியதைத் தூக்கிவிட்டு, செய்தது பிழை என்று சொல்வார். அம்மா கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் வாங்கிச் சிரட்டையில் போட்டுக்கொண்டு, "அண்ணேன்ரை சாமான், கவனம்" என்பா. கொஞ்ச நாளில் கொட்டிலைச் சுற்றி இருபது முப்பது சிரட்டைகள் வரிசையாக இருந்தன. எந்தச் சிரட்டையில் எது என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

என்ஜின் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையால் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். ஒவ்வொரு நாள் விடியவும் அக்கா பின்சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவாள். ஒருநாள், பல் விழுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு சில்லு அசைந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவள் இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தாள், முதல் தரம் கனவாக இருந்துவிடுமோ என்ற மாதிரி.

காபரேற்றருக்குள் தலைமயிர் அளவு துளை ஒன்று உண்டு. கம்பி விட்டுக் குத்தக்கூடாது என்று புத்தகம் கண்டிப்பாகச் சொன்னது. அக்கா கரைக்குப் போய்த் தூண்டில் நைலோன் நூலில் ஒரு துண்டு வாங்கி வந்து குத்தினாள். மூடிகளுக்கு இடையில் வைக்கிற மட்டைகளை என் பழைய கொப்பி அட்டைகளில் வெட்டினோம். என்னுடைய பௌதிகவியல் கொப்பியின் அட்டை அந்த என்ஜினுக்குள் இருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை. இருக்கைக்கு ஐயா தும்பு அடைத்து, மாட்டு வார் தைக்கிற ஊசியால் தோல் தைத்தார். ரயர் இரண்டும் உக்கிப் போயிருந்தன. ஐயா எங்கோ போய், ஒரு வண்டி வைக்கோலைக் கொடுத்துவிட்டு, ஒட்டுப்போட்ட இரண்டு ரயரோடு வந்தார். அந்த மோட்டார் சைக்கிளில் மின்கலம் இல்லை. பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பழைய வகை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

எங்களைக் கவிழ்த்தது இரண்டு சொற்கள்.

புத்தகம் ஓயாமல் 'நியர் சைட்', 'ஓஃப் சைட்' என்று சொன்னது. 'நியர் சைட்' மூடியைக் கழற்றிப் பழைய ஒயிலை வடிக்கவேண்டும். 'ஓஃப் சைட்' மூடியை அவசியமில்லாமல் தொடக்கூடாது. எனக்கு நியர் தெரியும், சைட் தெரியும். "கிட்டப் பக்கத்து மூடியைக் கழற்று" என்றேன்.

"ஆருக்குக் கிட்ட?" என்று அக்கா கேட்டாள்.

"வாசிக்கிற ஆளுக்குக் கிட்ட."

"அப்ப ஓஃப்?"

"ஓஃப் எண்டா வேலை செய்யாத பக்கம். லைற்றை ஓஃப் பண்ணுறது மாதிரி."

காலையில் நான் கிழக்குப் பக்கம் வேப்பமர நிழலில் குந்தியிருந்தேன். அக்கா எனக்குக் கிட்ட இருந்த மூடியைக் கழற்றினாள். கறுத்த ஒயில் வடிந்தது. எல்லாம் சரி. மத்தியானம் சாப்பிட்டு வந்தபோது நிழல் மற்றப் பக்கம் போயிருந்தது. நானும் நிழலோடு போய் அங்கே இருந்தேன். அடுத்த பக்கத்திலும் புத்தகம் 'நியர் சைட்' என்றது. அக்கா எனக்குக் கிட்ட இருந்த மூடியைக் கழற்றினாள். உள்ளேயிருந்து இரண்டு பற்சில்லுகள் வழுகி, சாக்கில் விழுந்து, ஒன்று உருண்டு ஐயாவின் காலடியில் போய் நின்றது.

"இது விழத்தான் வேணுமோ?" என்று ஐயா கேட்டார்.

"விழத்தான் வேணும்" என்றேன்.

ஒரு கிழமை அது உயிர் பெறவில்லை. பற்சில்லுகளை எப்படியோ திருப்பி மாட்டியிருந்தோம். மிதித்தால் இருமும். சில சமயம் பின்னால் வெடிக்கும். சில சமயம் மிதிக்கிற காலையே திருப்பி உதைக்கும். அக்காவின் குதிக்கால் வீங்கிவிட்டது. வைகாசி பிறந்துவிட்டது. தரகர் வேலியோரம் மிதிவண்டியில் போகும்போது, "என்ன, இன்னும் நிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அக்கா ஒருநாள் சிரட்டைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, தலை நிமிராமல் சொன்னாள்: "காலமை நீ அந்தப் பக்கம் இருந்தனி. பின்னேரம் இந்தப் பக்கம் இருந்தனி. நீ எங்கை இருக்கிறாயெண்டு சைக்கிளுக்கு என்னெண்டடி தெரியும்?"

என் கோபத்துக்கு அளவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன் வளவுக்குப் போனேன். அங்கே ஐயா வண்டி கட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்க மாட்டின் கழுத்துக் கயிறு சிக்கியிருந்தது, அந்தப் பக்கம் நின்று அதை அவிழ்த்தபடி என்னிடம் சொன்னார்: "பிள்ளை, அந்தக் கிட்டத்து மாட்டை ஒருக்காப் பிடி."

நான் அவருக்குப் பக்கத்தில் நின்ற மாட்டைப் பிடிக்கப் போனேன்.

"இதில்லை. கிட்டத்து மாடு."

"இதுதானே ஐயா உங்களுக்குக் கிட்ட நிக்குது."

"நான் எங்கை நிண்டாலென்ன? கிட்டத்து மாடு கிட்டத்து மாடுதான். இது எட்டத்து மாடு."

சிறு வயதிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஐயா வண்டியோடு நடக்கும்போது எப்போதும் இடது பக்கமாகவே நடப்பார். அவருடைய தகப்பனும் அப்படித்தான். அதனால் இடது மாடு கிட்டத்து மாடு. வலது மாடு எட்டத்து மாடு. அவர் வண்டியைச் சுற்றி எங்கே போய் நின்றாலும், வேலணையில் நின்றாலும், அது மாறாது. புத்தகத்தைத் திறந்தேன். படங்களைப் பார்த்தேன். ஒயில் வடிக்கிற படத்தில் மூடி இடது பக்கம். தொடாதே என்ற மூடி வலது பக்கம். ஒவ்வொரு படத்திலும் அப்படியே.

கொட்டிலுக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்: "நியர் எண்டது கிட்டத்து மாடு. ஓஃப் எண்டது எட்டத்து மாடு."

அக்கா ஸ்பானரைக் கீழே வைத்தாள். "அப்ப வெள்ளைக்காரனும் வண்டில் கட்டினவன்தானோ?"

"கட்டித்தான் இருப்பான்."

"இவ்வளவு காலம் படிச்சு" என்று தொடங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அம்மா சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பகிடி என்று தெரியாமல் தானும் சிரித்தா.

எட்டத்து மூடியை மறுபடி கழற்றினோம். பற்சில்லுகளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் புள்ளிகள் இருந்தன. மண்ணெண்ணெயில் தேய்த்தபோது வெளியே வந்தன. புள்ளிக்குப் புள்ளி நேராக நிறுத்தினோம். பிறகு ஹாண்டிலில் இருந்த ஒரு சின்னக் கைபிடியைப் பற்றிய பக்கத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். மிதிக்கும்போது அதை இழுத்துப் பொறியைக் கொஞ்சம் பிந்த விடவேண்டும். விடாவிட்டால் கால் முறியும். இதையும் நாங்கள் செய்திருக்கவில்லை.

முதலில் வாங்கிய பெற்றோல் அந்த ஒரு கிழமையில் முடிந்திருந்தது; கரையில் இயந்திரப் படகு வைத்திருந்தவரிடம் ஐயா மறுபடி ஒரு சோடாப் போத்தலின் அடியில் கொஞ்சம் பெற்றோல் வாங்கி வந்தார். அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, தாங்கியில் மண்ணெண்ணெய் ஊற்றினோம். பெற்றோலில் எழும்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பழைய என்ஜின் என்றால் இன்னும் சுகமாக ஓடுமாம். அக்கா கைபிடியை இழுத்து மிதித்தாள். மூன்றாவது மிதியில் அது எழும்பியது. கோழிகள் வேலியைத் தாண்டின. கொட்டில் முழுக்க வெள்ளைப் புகை. அம்மா உள்ளே போய், மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கைக் கொளுத்திவிட்டு வந்தா.

தீவை விட்டு நாங்கள் வெளியேறியபோது அது எங்களோடு வரவில்லை. புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. அதை ஏன் மறைக்கவேண்டும்.

ஓட்டிப் பார்க்க யாராவது வேண்டும். "நாலு காலிலை நிக்காத ஒண்டிலை நான் ஏறமாட்டன்" என்று ஐயா சொல்லிவிட்டார். எனக்கு மிதிக்கப் பாரம் போதாது. மிஞ்சியது அக்கா. விடியற் காலையில், ஊருக்குப் பின்னால் காய்ந்து கிடந்த தரவை வெளியில், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு பழகினாள். விழுந்தாள். எழும்பினாள். தரவையில் மேய்ந்த மாடுகள் விலகி நின்று பார்த்தன. ஒரு கிழமையில் அவள் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தரவையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவளுடைய தலைமயிர் என் வாய்க்குள் பறந்தது. அவள் ஏதோ சொன்னாள்; காற்றில் கேட்கவில்லை. என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, சும்மா" என்றாள். அது எந்தச் சும்மா என்று எனக்குத் தெரியும்.

ஆனால் தரவைக்கும் கண் இருக்கிறது. சரவணையில் ஒரு குமர்ப்பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓடுகிறது என்ற கதை வேலணைக்குப் போய்விட்டது. அம்மா நடுங்கிப் போனா. "ஓடாட்டியும் நிண்டு போம் எண்டான் தரகன். இப்ப ஓடினதாலை நிண்டு போகப்போகுது." அன்றே முடிவானது: பெண் பார்க்க வருகிற அன்று, ஓடுவது யார் என்று கேட்டால் ஐயா தான்தான் என்று சொல்லவேண்டும். அக்கா தேத்தண்ணி மட்டும் கொண்டுவரவேண்டும்.

வந்தார்கள். தரகர் ஒரு மிதிவண்டியில். மாப்பிள்ளை இன்னொன்றில், பின்னால் கரியரில் தாயை இருத்திக்கொண்டு. தாய் நெடுத்து மெலிந்த விதவை மனிசி. இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் குனிந்தே நின்றா. பிறகு நிமிர்ந்து, கதிரையில் இருக்காமலே கேட்டா: "எங்கை அந்தச் சாமான்?"

குசினிக்குள் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொம்பிளை பாக்க வந்தவை சைக்கிளைப் பாக்கினம்" என்றேன்.

"அதைப் பாத்தாத்தானே என்னைப் பாப்பினம்" என்றாள் அக்கா. குரல் அமைதியாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள்.

தாய் மனிசி மோட்டார் சைக்கிளைச் சுற்றி நடந்தா. ஐயா தைத்த இருக்கையை அமத்திப் பார்த்தா. பின்னிருக்கையை இன்னும் கூட நேரம் அமத்திப் பார்த்தா. "பெற்றோலுக்கு எங்கை போறது?"

"மண்ணெண்ணையிலையே ஓடும்" என்றார் ஐயா.

"ஆர் ஓடுறது?"

ஐயா வானத்தைப் பார்த்தார். "நான்தான்."

"அப்ப ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ அண்ணை."

ஐயா வேட்டியை மடித்துக் கட்டினார். இத்தனை நாளும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். ஆனால் சின்னக் கைபிடியை மறந்துவிட்டார். மிதித்தார். அது திருப்பி உதைத்தது. அவர் இரண்டடி பின்னால் போய்க் கோழிக்கூட்டில் இருந்தார்.

"கொஞ்சம் குளிர்ந்துபோய் நிக்குது" என்றார் தரகர். வைகாசி மத்தியான வெயிலில் எங்கள் எல்லோருக்கும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்று மாப்பிள்ளை கேட்டார். பார்த்தார். அவருடைய ஒரு செருப்பு பறந்துபோய் வேலியில் தொங்கியது. அவர் அதை எடுக்கப் போகாமல், ஒற்றைச் செருப்போடு நின்று தாயைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு இது தெரியாதெண்டு முந்தியே சொன்னனான் அம்மா."

தாய் மனிசியின் முகம் விழுந்தது. தரகர் குடையைத் தேடினார். அம்மா தலையில் கை வைத்தா. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஓட வைத்தால் பொய் வெளிக்கும். தரவையில் திரிந்த பிள்ளை இவள்தான் என்று தெரிந்துவிடும். ஓட வைக்காவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் நிற்கத்தான் போகிறது.

அக்கா குசினியை விட்டு வெளியே வந்தாள். தேத்தண்ணித் தட்டை உரலின் மேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "ஐயா, தள்ளி நில்லுங்கோ" என்றாள். சோடாப் போத்தலில் மிச்சமிருந்த துளிகளை விட்டாள். கைபிடியை இழுத்தாள். மிதித்தாள். இரண்டாவது மிதியில் எழும்பியது.

புகையில் கொஞ்ச நேரம் ஒருவரும் ஒருவருக்கும் தெரியவில்லை. புகை விலகியபோது தாய் மனிசி அக்காவுக்கு முன்னால் நின்று, என்ஜின் சத்தத்தை மேவிக் குரலெடுத்துக் கேட்டா.

"தரவையிலை ஓடித் திரியிற பிள்ளை எண்டு கேள்விப்பட்டது உம்மைத்தானோ?"

"ஓம்."

"விழுந்திருக்கிறீரோ?"

"ஓம். நாலைஞ்சு தரம்."

"ஆரையும் பின்னாலை ஏத்திக்கொண்டு விழுந்திருக்கிறீரோ?"

"இல்லை மாமி. தங்கச்சியை ஏத்தினனான். விழேல்லை."

மாமியாரைக் கூப்பிடுகிற அந்த மாமி என்ற சொல் கேட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டா. தாய் மனிசி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"குறிகட்டுவான் மட்டும் போமோ உது?"

குறிகட்டுவான் என்பது புங்குடுதீவின் கடைசியில் உள்ள துறை. அங்கிருந்துதான் நயினாதீவுக் கோயிலுக்குப் படகு ஏறவேண்டும். "போம் மாமி" என்றாள் அக்கா.

பிறகுதான் அந்த மனிசி கதிரையில் இருந்தா. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தபடி சொன்னா: புருசன் இருந்த காலத்தில் வருடம் தவறாமல் ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு அம்மாளிடம் போய் வந்தவ. இப்போது பஸ் இல்லை. கரியரில் அவ்வளவு தூரம் போக இடுப்பு விடாது. "மோட்டச் சைக்கிள் நிக்கிற வீட்டிலை அதை ஓடுற மனிசரும் இருப்பினம் எண்டு நினைச்சன். ஆம்பிளைப் பிள்ளையில்லாத வீடெண்டு இந்தத் தரகர் சொல்லேல்லை."

"ஆம்பிளைப் பிள்ளை இருக்குதெண்டும் நான் சொல்லேல்லை" என்றார் தரகர்.

இவ்வளவு நேரமும் மாப்பிள்ளை அக்காவின் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன?" என்றாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் கேட்கவில்லை.

"அதை நிப்பாட்டுமன்" என்றார்.

"நிப்பாட்ட ஏலாது. திருப்பி எழுப்பப் பெற்றோல் இல்லை."

அவர் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்: "உமக்கு என்னைச் சம்மதமோ எண்டு கேட்டனான்."

ஒழுங்கையில் போன இரண்டு பேர் மிதிவண்டியை நிறுத்திவிட்டு வேலிக்கு மேலால் பார்த்தார்கள். அக்காவின் காது சிவந்தது. அவளும் கத்தித்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. "ஓம்" என்றாள்.

ஆனி பிறந்து முதல் முகூர்த்தத்தில் கலியாணம் நடந்தது. ஐயா கரைக்குப் போய் இன்னொரு போத்தலடிப் பெற்றோல் வாங்கி வந்திருக்க, திருவிழாவுக்கு விடிய வெளிக்கிட்டோம். அக்கா முன்னால். பின்னால் மாமி, ஒரு பக்கமாகக் கால் இரண்டையும் போட்டு, மடியில் தேங்காயும் கற்பூரமும் வைத்த பையோடு, மற்றக் கையால் அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்தபடி. அத்தானும் நானும் ஆளுக்கொரு மிதிவண்டியில் அவர்களுடைய மண்ணெண்ணெய்ப் புகைக்குள் மிதித்துக்கொண்டு போனோம். புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், எதிர்க்காற்று. எவ்வளவு மிதித்தும் அவர்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள். அத்தானுக்கு மூச்சு வாங்கியது. நடுத் தாம்போதியில் அக்கா வேகத்தைக் குறைத்தாள். மாமி திரும்பிப் பார்த்து, கையை ஆட்டிக் கத்தினா:

"கெதியா வாடா. படகை விட்டிடப் போறான்."